ஆறாம் நம்பருக்கு நான் போட்ட மார்க்கு

என் அன்பு வசந்தா,

வரும் ஆவணியோடு நீ செத்துப்போய் ஒரு வருஷம். மறைந்தாய், இறைவனடி சேர்ந்தாய் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. பதினைந்து வருஷம் ஒரே அடுப்படியில் என்னோடு நின்றவள் நீ, உன்னிடம் என்ன பூசி மெழுகுவது? செத்துப்போனாய். காலையில் இப்போது நான்தான் பால் காய்ச்சுகிறேன், பாதி நாள் பொங்க விட்டுவிடுகிறேன்.

மகளிர் சங்கத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் போடுகிறார்கள். செயலாளர் அம்மா வீட்டுக்கே வந்து, “ரெண்டு பக்கம் எழுதிக் குடு கமலா, நீயே வாசிச்சுடு. குயில் மாதிரி பாடுவாள்னு ஒரு வரி கண்டிப்பா வரணும்” என்றார். பன்னிரண்டு பேர் பாடிய போட்டியில் உனக்குப் பன்னிரண்டாம் இடம் என்று மைக்கில் சொன்னவரே அவர்தான். செத்த பிறகு எல்லாரும் குயில்தான் போலிருக்கிறது.

உன்னை எடுத்த அன்றைக்கும் இந்தக் கூத்துதான். எதிர் வீட்டு அம்மாள், “என்ன குரல், என்ன குரல்” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நீ வாய் திறந்து பாடி அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது வந்து, ஏன் பாடுவதில்லை என்று அவள் கேட்டாளா? உன் வீட்டுக்காரர் மட்டும்தான் உண்மை பேசினார், அதாவது அவருக்குத் தெரிந்த உண்மையை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், “பாட்டு வராட்டாலும் ஆசை இருந்துச்சு, பாவம்” என்றார். இன்றைக்கும் யார் வந்தாலும் அதைத்தான் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று காப்பி ஆற்றிக் கொடுக்கிறேன்.

கூட்டத்தில் கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள், நான் மூத்தவருக்கு, நீ சின்னவருக்கு. மாயவரத்தில் ஒன்பது வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டு, கடலோரத்துத் தருமபுரத்து வீட்டுக்கு வந்தவள் நான். நீ வரிச்சிக்குடியில் நெல் விளைகிற வீட்டுப் பெண். ரேடியோவில் கேட்டும், நான் சாதகம் பண்ணும்போது கூடத்துக்கு வெளியே நின்று கேட்டும் பாடிப் பழகினாய். உனக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நமக்குள் முதல் சண்டையே பாட்டில்தான் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ வந்த முதல் வருஷம், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டுப் பாடினாய். எதிர் வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போனதும் நான் சொன்னேன்: “பஞ்சமம் நிக்கவே இல்ல. கீழ இறங்கி இறங்கிப் போவுது.”

“அவங்க அழுதாங்களேக்கா?”

“வெங்காயம் உரிச்சாலும்தான் அழுகை வரும்.”

நீ சிரித்தாய். அப்போதெல்லாம் நான் குத்தினால் சிரிப்பாய். “கேக்கறவங்களுக்குப் புடிச்சாப் பத்தாதாக்கா? ஒருத்தருக்குப் புடிக்கும், ஒருத்தருக்குப் புடிக்காது. இதுல என்ன சரி தப்பு?” என்று கேட்டாய். நான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தைக் காட்டினேன். ரசம் பிடிக்கிறதா இல்லையா என்பது அவரவர் நாக்கு, அதில் உப்புப் போட்டதா இல்லையா என்பது நாக்கு இல்லை, சுருதியும் அப்படித்தான் என்றேன். எனக்கு அந்த உப்பு உதாரணம் ரொம்பப் பிடித்துப்போய் அப்புறம் சங்கத்திலும் இரண்டு மூன்று தடவை சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். நீ மறந்திருக்க மாட்டாய்.

என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த சுருதிப் பெட்டி கூடத்தில் இருந்ததே, அதை வைத்துக்கொண்டு நான் பாடும்போது ஒரு நாள் நீ வந்து நின்றாய். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பெட்டியில ஒரு சத்தம் எறங்கியிருக்கு. நீங்க பாடறதோட சேரல” என்றாய். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. “பெட்டியக் குத்தம் சொல்றியா? எங்கப்பா மாயவரத்துல நாலு வித்துவான வெச்சுப் பாத்து வாங்குனது. ஒன் காத சரி பண்ணிக்க மொதல்ல” என்றேன்.

நீ சரி பண்ணிக்கொண்டாய். மூத்தவள் சொல்கிறாளே, அப்படியானால் பெட்டிதான் சரி, தன் காதுதான் தப்பு என்று எடுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து மத்தியானத்தில் வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, அது என்ன சொல்கிறதோ அதிலேயே போய் நின்று பாடினாய். நான் உள்ளே படுத்துக்கொண்டு, மறுபடியும் பஞ்சமம் இறங்குகிறது, ஜென்மத்துக்கும் இவளுக்கு வராது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன்.

நான் எப்படிப் பாடினேன் என்று கேட்பாய். பெட்டியைக் கேட்டு நான் பாடியதே இல்லை. மாயவரத்தில் காதில் ஏறிய சுருதி எனக்குள் இருந்தது. பெட்டி எனக்குச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற விளக்கு மாதிரி, ஏற்றிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். அது ஏதோ கரகரக்கிறது என்று தோன்றும். கடலோர ஊர், எல்லாம் கரகரக்கும் என்று விட்டுவிடுவேன்.

பெரிய புயல் அடித்ததற்கு மறு வருஷம் சங்கத்தில் குடும்பப் பெண்களுக்குப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம், நடுவர்கள் வேண்டியவர்களுக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்று பெரிய ரகளை. அதனால் இந்த முறை பேரும் வேண்டாம் முகமும் வேண்டாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பள்ளிக்கூட ஹாலில் குறுக்கே கயிறு கட்டி இரண்டு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். பாடுகிறவர் அந்தப் பக்கம், என்னோடு சேர்த்து நடுவர் மூன்று பேர் இந்தப் பக்கம். நம்பர் மட்டும் சொல்வார்கள். சுருதிக்கு நாற்பது, தாளத்துக்கு முப்பது, உச்சரிப்புக்கு இருபது, உணர்ச்சி பாவத்துக்குப் பத்து என்று மார்க்கைப் பிரித்ததும் நான்தான். பாவத்துக்கு ஏன் பத்துதான் என்று செயலாளர் அம்மா கேட்டதற்கு, அளக்க முடியாத சங்கதிக்குப் பத்தே அதிகம் என்றேன்.

நீ பேர் கொடுத்ததை எனக்குச் சொல்லவில்லை. உன் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாய்.

ஆறாம் நம்பர் மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடியது. பக்கவாட்டில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் தம்பூரா போட்டாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன் வசந்தா. அந்தப் பஞ்சமம் வந்து நின்ற இடம் இருக்கிறதே, மாயவரத்திலிருந்து வந்த பிறகு அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. எனக்கே அப்படி நின்றதில்லை. பக்கத்தில் இருந்த நடுவரிடம், யாரோ நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிறாள் போல என்று காதோடு சொன்னேன். சுருதிக்கு முப்பத்தொன்பது போட்டேன். தாளத்துக்கு இருபத்தாறு, உச்சரிப்புக்குப் பதினேழு, பாவத்துக்கு ஒன்பது. மொத்தம் தொண்ணூற்றொன்று. என் கையால் நான் யாருக்கும் அத்தனை போட்டது கிடையாது.

ஒரே வீட்டில் ஏழு வருஷம் கேட்ட குரல் எப்படித் தெரியாமல் போகும் என்று இதைக் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். குரலை நான் என்றைக்குக் கேட்டேன்? உன்னிடம் நான் கேட்டதெல்லாம் தப்பைத்தான். தப்பு இல்லாமல் நீ வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பாட்டு முடிந்து, கூட்டல் போட என்னிடம்தான் தாள்களைக் கொடுத்தார்கள், எனக்குக் கணக்கு வேகமாக வரும் என்று. மற்ற இரண்டு நடுவர்களும் யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லாருக்கும் எழுபது, எழுபத்திரண்டு என்று போடுகிறவர்கள். எந்த வருஷமும் முதல் இடம் கடைசி இடம் தீர்மானமாவது என் தாளில்தான். செயலாளர் அம்மா நம்பருக்கு நேராகப் பேர் எழுதின காகிதத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு டீ சொல்லப் போனார். ஆறுக்கு நேராக உன் பேர் இருந்தது.

இனிமேல் சொல்வதை அவர்கள் எல்லாரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு வெற்றுத் தாளை எடுத்தேன். தாளம் இருபத்தாறு, உச்சரிப்பு பதினேழு, பாவம் ஒன்பது என்று பழைய தாளில் இருந்தபடியே எழுதினேன். சுருதிக்கு மட்டும் ஒன்பது. மொத்தம் அறுபத்தொன்று. பழைய தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பொறாமையா என்று கேட்டால் ஆமாம், அதுவும்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது பொறாமையாகத் தெரியவில்லை. வசந்தாவுக்குச் சுருதி நிற்காது என்பது எனக்குத் தெரிந்த உண்மை. அப்படியானால் இன்றைக்கு என் காது ஏதோ ஏமாந்திருக்கிறது, அதைத் திருத்துகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அளக்க முடியாது என்று நான் ஒதுக்கிய பாவத்தில் கை வைக்கவில்லை. உப்பு மாதிரி உண்மை என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே, அந்தச் சுருதியில்தான் திருடினேன். அளவு பொய் சொல்லவில்லை வசந்தா, நான் சொன்னேன்.

நெடுங்காட்டு சரோஜாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். உன் பேரைக் கடைசியாக வாசித்தபோது யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நாம் இரண்டு பேரும் ஒரே ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தோம். நீ அழுவாய் என்று பார்த்தேன், அழவில்லை.

“இத்தன நாளா அக்காவுக்கு என்னயப் புடிக்கல, அதான் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க்கா. மன்னிச்சுக்குங்க” என்றாய். “இது பேரு தெரியாம, மொகம் தெரியாம போட்ட மார்க்கு. இனிமே யாரயும் குத்தம் சொல்ல முடியாது.”

அதற்குப் பிறகு நீ பாடவில்லை. விளக்கேற்றினாலும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு எழுந்துவிடுவாய். சின்னவர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். எனக்கு மத்தியானத் தூக்கம் நிம்மதியாக வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

போன ஆவணியில் ஆஸ்பத்திரியில், நீ போவதற்கு நாலு நாள் முன்னால், சாத்துக்குடி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தானாகத்தான் கேட்டாய். “அக்கா, அன்னிக்கி ஜமக்காளத்துக்குப் பின்னாடி பாடுனேனே, நீங்க எத்தன போட்டீங்க?”

“அறுபத்தொண்ணு.”

“நாந்தான்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்ப சரி” என்றாய். சாத்துக்குடிச் சாற்றை முழுவதும் குடித்தாய்.

அப்ப சரி. என்ன சரி வசந்தா? எனக்கு உன்மேல் வெறுப்பு இல்லை என்று சந்தோஷப்பட்டாயா, இல்லை நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே விட்டுவிட்டாயா? சாகப் போகிறவளுக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வந்ததா எனக்கு? அப்போதும் என் மார்க்கைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

உன் கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் சுருதிப் பெட்டியின் துருத்தியை எலி கடித்துவிட்டது. நாகூரிலிருந்து ஆர்மோனியம் பழுது பார்க்கிற பாய் ஒருவரை வரவழைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். தோலை ஒட்டிவிட்டுத் திருகாணியைப் பூட்டப் போனவர் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த ஒரு பித்தளைத் தகட்டை நகத்தால் சுண்டினார்.

“அம்மா, பஞ்சமம் தகடு நல்லா எறங்கிக் கெடக்குதே. உப்புக்காத்துல பச்ச பூத்துப் போயிருக்கு. இது இன்னிக்கி நேத்து பூத்தது இல்லீங்க, பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும். இத வெச்சுக்கிட்டு யாரும்மா பாடுனது?”

“நான் பாடுவேன். என் ஓரகத்தியும் பாடுவா.”

“ஒங்களுக்கு எடைஞ்சலாவே இல்லீங்களா?”

“இல்லை.”

“அவங்களுக்கு?”

நான் எழுந்து காப்பி போடப் போய்விட்டேன். அடுப்படியில் நின்றபோதுதான் நீ வந்து சொன்னதும் நான் கத்தியதும் ஞாபகத்துக்கு வந்தது. பெட்டியைக் கேட்காதவள் சுருதி சுத்தம் என்று பேர் வாங்கினாள். அதைக் கேட்டுக் கேட்டு, அது இருக்கிற இடத்திலேயே போய் நின்றவள் சுருதி கெட்டவள் ஆனாள். தம்பூரா சரியாக இருந்த ஒரு நாள் நீ அதற்கும் சரியாக நின்றாய். பாய் அந்தத் தகட்டைச் சுரண்டிச் சரி செய்துவிட்டுப் போனார். இப்போது சேருகிறது. நான்தான் போட்டுப் பாடுவதில்லை.

ஊர்ச் செய்தி என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, எல்லாம் எதிர் வீட்டு டிவி முன்னால் கிடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் வரவில்லை, உன் அண்ணன் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் நான் பஸ் ஏறி நெடுங்காட்டுக்குப் போனேன், சரோஜாவிடம் கேடயத்தைத் திருப்பிக் கேட்க.

“வாங்கக்கா, என்ன இவ்ளோ தூரம்?” என்று பாயை விரித்துப் போட்டாள். கேடயம் எதிரிலேயே அலமாரி உச்சியில் இருந்தது. துடைத்துத் துடைத்து எழுத்துப் பாதி போயிருந்தது. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

“எட்டொம்பது வருஷம் கழிச்சா வந்து சொல்றீங்க?”

“ஆமாம்.”

ஸ்டூல் போட்டு ஏறிக் கேடயத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அது இருக்கட்டும்க்கா. அன்னிக்கி நான் எப்படிப் பாடுனேன்?”

அவள் என்ன பாடினாள் என்பதே எனக்கு நினைவில் இல்லை. உன்னைக் கடைசியில் தள்ளிய பிறகு யார் மேலே வருகிறார்கள் என்று நான் பார்க்கக்கூட இல்லை.

“ஞாபகம் இல்ல சரோஜா.”

“ஒண்ணுமே ஞாபகம் இல்லயா?”

“இல்ல.”

நல்லாப் பாடினாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் இன்னொரு பொய்யா என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு தப்பும் செய்யாத அவளையும் அழவிட்டுவிட்டுத்தான் வந்தேன். அவள் வாசல் வரைக்கும் வரவில்லை. நீ இருந்திருந்தால், இது என்ன நியாயம் அக்கா என்று கேட்டிருப்பாய்.

செயலாளர் அம்மா கேட்ட குயில் வரி இதில் வராது. கூட்டத்தில் நானே எழுந்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசிப்பேன், இது உனக்கு என் வாக்கு. முன் வரிசையில் சின்னவர் இருப்பார். வாசித்து முடித்ததும் மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கேடயத்தை அவர் மடியில் வைப்பேன். அதற்கப்புறம் அவர் என் கையால் காப்பி வாங்கிக் குடிப்பாரா என்பது தெரியாது. “பாட்டு வராட்டாலும்” என்று இனி அவர் வாயில் வரக் கூடாது, அவ்வளவுதான்.

உன் மார்க்கு தொண்ணூற்றொன்று. செத்தவள் என்பதற்காக நூறு ஆக்க மாட்டேன். சரணத்தில் ஒரு சொல்லை நடுவில் உடைத்து மூச்சு வாங்கினாய், அதற்குக் கழித்த மூன்று கழித்ததுதான். மிச்சம் அத்தனையும் நீ பாடி வாங்கியது.

உன் குரலைத் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு தரம் கேட்ட,
உன் ஓரகத்தி
கமலா